கொடையும் கணக்கும்



"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வாக்கு. "பாத்திரம் அறிந்து பிச்சையிடு" என்பது அவர்களுடைய இன்னொரு வாக்கு. முதலாவது, எவ்வளவு கொடுக்கிறோம் என்பதை அறிந்து கொடுக்கச் சொல்கிறது. இரண்டாவது, எவருக்குக் கொடுக்கிறோம் என்பதை அறிந்து கொடுக்கச் சொல்கிறது. இவ்விரண்டையும் ஒன்றாக இணைத்து, "உன் கையிலுள்ள காசு எங்கே சென்றால் மிகுந்த நன்மை விளையுமோ அதனைக் கணக்கிட்டு அறிந்து அங்கே கொடு" என்று வற்புறுத்தும் ஓர் இயக்கம், இந்நூற்றாண்டின் தொடக்கத்திலே பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் தோன்றி வளர்ந்திருக்கின்றது. ஆங்கிலத்தில் அதனை 'எஃபெக்டிவ் அல்ட்ருயிசம்' என வழங்குவர். தமிழிலே 'பயனறி ஈகை' என்று நாம் கூறிக்கொள்ளலாம்.

எதனையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்லும் இவ்வியக்கத்தையே இன்று நாம் ஒரு கணக்கிற்கு உட்படுத்தப் போகின்றோம். மக்கள் அறக்கொடையாக ஈயும் பணம் முழுவதிலும் இப்பயனறி ஈகையாளர் கொடுப்பது எத்தனை பங்கு என்பதே நம் கேள்வி.

இக்கேள்வி வீண் ஆராய்ச்சி அன்று. இவ்வியக்கத்தைப் பற்றி ஒன்றுக்கொன்று முரணான இரண்டு எண்ணங்கள் பரவியுள்ளன. கணக்குப் பார்க்கும் இப்புதிய கொடையாளர் அறக்கொடை உலகையே கைப்பற்றிவிட்டனர், தம் ஊர்த் தேவாலயத்துக்கும் பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் மக்கள் மனமுவந்து கொடுக்கும் வழக்கம் இவர்களால் அருகிவிடும் என அஞ்சுவோர் ஒரு சாரார். அரசாங்கங்கள் வறிய நாடுகளுக்கு வழங்கும் உதவியை நிறுத்தினாலும் கவலையில்லை, இத்தகைய செல்வர்கள் அவ்விடத்தை நிரப்பிவிடுவர் என நம்புவோர் மற்றொரு சாரார். அஞ்சுவோரும் நம்புவோரும் ஒரே ஊகத்தின் மீதே நிற்கின்றனர். இவர்களுடைய பணம் மிகப் பெரியது என்பதே அவ்வூகம். அது மெய்தானா என்று பார்ப்போம்.

முதலில் இவ்வியக்கத்தின் வரலாற்றைச் சுருக்கமாக அறிந்துகொள்வது நலம். 1971ஆம் ஆண்டிலே, அன்று கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த இன்றைய பங்களாதேசத்திலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்து குவிந்தனர். அவர்களுடைய துயரத்தைக் கண்ட பீற்றர் சிங்கர் என்ற அவுஸ்திரேலியத் தத்துவ ஆசிரியர் ஒரு கட்டுரை வரைந்தார். அஃது 1972இல் வெளிவந்தது. ஆழமற்ற குளமொன்றிலே குழந்தையொன்று மூழ்குவதைக் காண்பவன், தன் உடை நனையும் என்று தயங்குவானா? தயங்கான். அவ்வாறாயின், கண்ணெதிரே இல்லாது கடல் கடந்து மாளும் குழந்தைக்காகச் சிறு பொருளை இழக்க நாம் தயங்குவது எவ்வாறு பொருந்தும்? இதுவே அவர் எழுப்பிய வினா.

அவ்வினா முப்பத்தைந்து ஆண்டுகளின் பின்னர் செயலுருவம் பெற்றது. 2007இல் அமெரிக்காவிலே, முதலீட்டுத் தொழிலில் இருந்த ஹோல்டன் கார்னோவ்ஸ்கி, எல்லி ஹாசன்பெல்ட் என்னும் இரு இளைஞர் 'கிவ்வெல்' என்ற தாபனத்தைத் தொடங்கினர். எந்தத் தரும தாபனம் ஒரு டொலரைக்கொண்டு எவ்வளவு நன்மை செய்கின்றது என ஆராய்ந்து, அதன் முடிவைக் கொடையாளர்க்கு அறிவிப்பதே அதன் தொழில். 2009இல் ஒக்ஸ்போர்ட்டிலே, ரோபி ஓர்ட், வில்லியம் மக்அஸ்கில் ஆகிய தத்துவ ஆசிரியர் இருவர் 'கிவிங் வட் வீ கான்' என்ற சங்கத்தை அமைத்தனர். தம் வருமானத்திற் பத்தில் ஒரு பங்கையேனும் வாழ்நாள் முழுவதும் கொடுப்பதாக அதன் உறுப்பினர் உறுதி செய்வர். இருபத்துமூவருடன் தொடங்கிய அச்சங்கத்தில் இன்று அவ்வுறுதியெடுத்தோர் ஏறத்தாழப் பத்தாயிரவர். 'பேஸ்புக்' கொம்பனியைத் தொடங்கியோரில் ஒருவரான டஸ்ரின் மொஸ்கோவிற்ஸும் அவருடைய மனைவி காரி ரூனாவும் தம் பெருஞ்செல்வத்தின் பெரும்பகுதியை இவ்வழியிலே செலவிட முன்வந்தனர். அவர்களுடைய பணத்தை எங்கே கொடுப்பது என்று ஆராயும் தாபனம் 'ஓபன் பிலாந்திரப்பி' என்ற பெயருடன் வளர்ந்து, 2025இன் இறுதியிலே 'கோஎபிஷன்ற் கிவிங்' எனத் தன் பெயரை மாற்றிக்கொண்டது.

இனிக் கணக்கிற்கு வருவோம். நாம் காண விரும்புவது ஒரு பின்னம். பள்ளிக்கூடத்திற் படித்ததை நேயர்கள் நினைவுகூரலாம். பின்னத்திலே மேலே நிற்பது தொகுதி. கீழே நிற்பது பகுதி. இங்கே தொகுதி, பயனறி ஈகையாளர் ஓராண்டிற் கொடுத்த பணம். பகுதி, மக்கள் யாவரும் அவ்வாண்டிற் கொடுத்த அறக்கொடை முழுவதும். கேட்பதற்கு எளிது. ஆயினும் தொகுதியைக் காண்பதிலும் இடறு உண்டு. பகுதியைக் காண்பதிலும் இடறு உண்டு.

தொகுதியை முதலிற் பார்ப்போம். 2023ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டில் ஓபன் பிலாந்திரப்பி 750 மில்லியன் டொலருக்கு மேற்பட்ட தொகைக்கு நன்கொடைகளைப் பரிந்துரைத்தது. கிவ்வெல் அவ்வாண்டுக் கணக்கில் ஏறத்தாழ 355 மில்லியன் டொலரைத் திரட்டியது. இரண்டையும் கூட்டினால் 1,105 மில்லியன் வருகின்றது. கூட்டிவிட்டுக் கணக்கை முடித்துவிடலாமா?

முடித்தாற் பிழை நேரும். கிவ்வெல் திரட்டிய பணத்திற் கணிசமான ஒரு பகுதி ஓபன் பிலாந்திரப்பி கொடுத்ததே. 2023 தொடக்கம் மூன்று ஆண்டுகளுக்கு 300 மில்லியன், அதாவது ஆண்டொன்றுக்குச் சராசரி நூறு மில்லியன், கிவ்வெல்லின் வழியாகக் கொடுப்பதென அது தீர்மானித்திருந்தது. ஆதலின் அந்நூறு மில்லியன் இரண்டு ஏடுகளிலும் எழுதப்பட்டிருக்கும். ஒரே நெல்லைக் களத்திலே ஒருமுறையும் களஞ்சியத்திலே ஒருமுறையும் அளந்து, இரண்டையும் கூட்டி விளைச்சல் இரட்டித்தது என்று மகிழும் கமக்காரனை நாம் எள்ளி நகையாடுவோம். அறக்கொடைக் கணக்கிலே இப்பிழை மிக எளிதில் நுழைந்துவிடும். பத்தில் ஒன்று கொடுப்பதாக உறுதியெடுத்தோரின் கணக்கும் இத்தகையதே. அவர்களுட் பலர் தம் பணத்தைக் கிவ்வெல் பரிந்துரைக்கும் தாபனங்களுக்கே கொடுக்கின்றனர். அதனையும் தனியே கூட்டினால், ஒரே டொலர் மீண்டும் இருமுறை எண்ணப்பட்டுவிடும்.

இரட்டைக் கணக்கை நீக்கியபின், இவ்விரு தாபனங்களின் தொகை ஏறத்தாழ ஆயிரம் மில்லியன் ஆகின்றது. ஆயிரம் மில்லியனே ஒரு பில்லியன். நம் வழக்கில் நூறு கோடி. இவ்விரண்டின் வழியாகச் செல்லாது வேறு நிதிகளினூடே செல்லும் பணமும் உண்டு. அதற்கும் ஓரளவு இடம்விட்டால், ஆண்டுத்தொகை ஒரு பில்லியனுக்கும் ஒன்றேகால் பில்லியனுக்கும் இடைப்பட்டது என மதிப்பிடலாம். இது நாம் செய்துகொள்ளும் மதிப்பீடேயன்றி எவரும் தராசிலிட்டு நிறுத்த தொகை அன்று என்பதை நேயர்கள் மறக்கலாகாது.

இங்கே இன்னோர் எச்சரிக்கை வேண்டும். கொடுத்த பணம் வேறு. கொடுப்பதாகச் சொன்ன பணம் வேறு. 2021ஆம் ஆண்டிலே, இவ்வியக்கத்தைச் சேர்ந்த பெஞ்சமின் டொட் என்பவர், இவ்வழியிற் செலவிடுவதாக உறுதிகூறப்பட்ட செல்வம் ஏறத்தாழ 46 பில்லியன் டொலர் என மதிப்பிட்டார். அதே காலத்தில் ஆண்டுதோறும் மெய்யாகவே செலவிடப்பட்ட பணமோ அரைப் பில்லியனுக்கும் குறைவு. அந்த 46 பில்லியனிலே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, சாம் பாங்க்மன்-பிரைட் என்னும் இளைஞரையும் அவருடன் சேர்ந்தோரையும் நம்பி எழுதப்பட்டது. அவர் 'எஃப்.ரி.எக்ஸ்.' என்ற எண்மநாணயச் சந்தையின் தலைவர். 2022 பெப்ரவரியில் அவருடைய பெயரால் ஒரு பெருநிதி தொடங்கப்பட்டு, சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 160 மில்லியன் டொலருக்கு வாக்குறுதிகள் வழங்கப்பட்டன. அவ்வாண்டு நவெம்பரிலே அக்கொம்பனி சரிந்தது. வாடிக்கையாளர் நம்பி வைத்த பணம் முறைகேடாகக் கையாளப்பட்டமை வெளிப்பட்டது. 2023 நவெம்பரில் அவர் குற்றவாளி எனக் காணப்பட்டார். 2024 மார்ச்சில் இருபத்தைந்து ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நிலை சில அறத்தாபனங்களுக்கும் நேர்ந்தது. ஏட்டிலே எழுதிய செல்வத்தின் மூன்றில் ஒரு பங்கு சில நாட்களுக்குள் மறைந்தொழிந்தது.

இவ்வியக்கம் மிகப் பெரியது என்ற எண்ணம் மக்கள் மனத்திற் பதிந்ததற்கு இச்சம்பவம் பெரியதொரு காரணம். பத்திரிகைகள் மாதக்கணக்கில் இதனையே எழுதின. பேசப்படும் அளவுக்கும் கொடுக்கப்படும் அளவுக்கும் தொடர்பில்லை என்பதை நாம் இதிலிருந்து அறிந்துகொள்ள வேண்டும்.

இனிப் பகுதியைப் பார்ப்போம். உலகம் முழுவதற்கும் அறக்கொடைக் கணக்கு எழுதிவைக்கும் ஏடு எதுவும் இல்லை. கோயில் உண்டியலிலே விழும் சில்லறையையும், செத்த வீட்டுக்கு அயலவர் கொண்டுசெல்லும் அரிசியையும் எவர் எண்ணுவர்? ஆயினும் அமெரிக்காவிலே 1956 தொடக்கம் 'கிவிங் யூ.எஸ்.ஏ.' என்ற ஆண்டறிக்கை வெளிவருகின்றது. வருமானவரிப் பத்திரங்களையும் பிற தரவுகளையும் கொண்டு மதிப்பிடப்படும் அவ்வறிக்கையின்படி, 2023இல் அமெரிக்கர் வழங்கிய அறக்கொடை 557 பில்லியன் டொலர். அதில் 374 பில்லியன் உயிரோடிருக்கும் தனிமனிதர் கொடுத்தது. எஞ்சியது அறநிதியங்களும் கொம்பனிகளும் மரணசாசனங்களும் வழங்கியது. பெறுவோரை நோக்கினால், ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சமயத் தாபனங்களுக்கே செல்கின்றது. கல்விக்கும் சமூக சேவைக்கும் வைத்தியத்துக்கும் பெருந்தொகைகள் செல்கின்றன. கடல் கடந்த நாடுகளின் பணிக்குச் செல்வதோ முப்பது பில்லியன் மட்டும். அதாவது நூற்றுக்கு ஐந்து அல்லது ஆறு.

இப்பொழுது வகுத்துப் பார்ப்போம். ஒரு பில்லியனை 557 பில்லியனால் வகுத்தால் நூற்றுக்கு 0.18 வருகின்றது. ஒன்றேகால் பில்லியன் எனக் கொண்டாலும் ஏறத்தாழ 0.22 மட்டுமே. அதாவது ஐந்நூறு டொலருக்கு ஒரு டொலர். அமெரிக்கரின் கொடையை ஐந்நூறு கொத்து நெல்லாகக் குவித்தால், பயனறி ஈகையாளரின் பங்கு அக்குவியலில் ஒரு கொத்து. இக்கணக்கிலே பிரித்தானியரும் ஐரோப்பியரும் கொடுத்த பணமும் தொகுதியிற் சேர்ந்திருக்கின்றது. பகுதியிலோ அமெரிக்கா மட்டுமே உள்ளது. பிரித்தானிய மக்கள் 2023இல் வழங்கிய ஏறத்தாழப் 14 பில்லியன் பவுணையும் ஏனைய நாட்டினரின் கொடையையும் பகுதியிற் சேர்த்தால், பின்னம் இன்னும் சிறுக்கும். ஆகவே ஐந்நூற்றில் ஒன்று என்பது தாராளமான மதிப்பீடே.

ஓர் ஐயம் எழலாம். தொகுதியை இவ்வளவு சுருக்கிக்கொண்டது நியாயமா? பில் கேற்ஸின் நிதியமும் செலவையும் பயனையும் ஒப்பிட்டே பணம் கொடுக்கின்றது. தடுப்பூசிக்கும் மலேரியாத் தடுப்புக்கும் அள்ளி வழங்குகின்றது. அதனை ஏன் சேர்க்கவில்லை? இது தக்க கேள்வியே. அந்நிதியம் 2023இல் வழங்கியது ஏழு பில்லியன் டொலருக்கு மேல். அது தன்னை இவ்வியக்கத்தின் உறுப்பாகக் கூறிக்கொள்வதில்லை. இவ்வியக்கத்திற்கு முன்னரே பிறந்தது. ஆயினும் கொள்கையால் அண்மையது எனக் கருதி அதனையும் சேர்த்துக்கொண்டால், ஐந்நூற்றில் ஒன்று என்பது ஏறத்தாழ எண்பது மடங்கு பெருகிவிடுமோ என எவரும் அஞ்ச வேண்டியதில்லை. பின்னம் நூற்றுக்கு ஒன்றரை என்ற அளவிலேயே நிற்கும். வரைவிலக்கணத்தை விரித்தால் விடை எட்டு மடங்காகின்றது என்பது மெய். ஆனால் எவ்வளவுதான் விரித்தாலும் நூற்றுக்கு இரண்டைத் தொடவில்லை என்பதும் மெய்.

மறுபுறத்திற் சுருக்கிப் பார்ப்போரும் உளர். கிவ்வெல்லுக்குப் பணம் கொடுப்போர் யாவரும் தம்மை இவ்வியக்கத்தவர் எனக் கருதுவதில்லை. நல்ல தாபனம் எதுவென அறிய விரும்பி வந்த சாதாரண மக்களும் அவருட் பலர். ஓபன் பிலாந்திரப்பி வழங்கும் பணமும் வறியோரின் நோய் தீர்க்க மட்டுமே செல்வதன்று. விஞ்ஞான ஆராய்ச்சிக்கும், செயற்கை நுண்ணறிவினால் விளையக்கூடிய ஆபத்துக்களை ஆராய்வதற்கும், பண்ணை விலங்குகளின் துன்பத்தைக் குறைப்பதற்கும் அதிற் பங்குண்டு. இவற்றையெல்லாம் கழிப்பவர்க்கு ஐந்நூற்றில் ஒன்று என்பது ஆயிரத்தில் ஒன்றாகவும் குறையலாம்.

எனவே அஞ்சுவோர்க்கு நாம் சொல்லக்கூடிய விடை இது. பயனறி ஈகை தேவாலயத்தின் உண்டியலையும் ஊர்ப் பாடசாலையின் நிதியையும் வற்றச் செய்துவிடவில்லை. அமெரிக்கர் சமயத் தாபனங்களுக்கு மட்டும் கொடுப்பது, இவர்கள் கொடுப்பதைப்போல் நூறு மடங்குக்கு மேல். கணக்குப் பாராது, அன்பினாலும் பழக்கத்தினாலும் உறவினாலும் கொடுக்கும் கொடையே இன்றும் உலகத்து அறத்தின் பெருமளவாக இருக்கின்றது.

அப்படியாயின் இவ்வியக்கம் பொருட்படுத்தத் தகாத துரும்பா? அவசரப்பட்டு அவ்வாறு முடிவு செய்தல் கூடாது. பின்னத்தின் பகுதியை மாற்றிப் பார்த்தால் காட்சி மாறுகின்றது.

அமெரிக்கர் கடல் கடந்த பணிகளுக்கு வழங்கும் முப்பது பில்லியனைப் பகுதியாகக் கொள்வோம். பயனறி ஈகையாளர் பணத்திற் பாதி வறிய நாடுகளின் நலத்திற்குச் செல்கின்றது என வைத்துக்கொண்டால், அஃது ஐந்நூறு மில்லியன். பின்னம் உடனே நூற்றுக்கு ஒன்றரைக்கு மேற் செல்கின்றது. மலேரியா ஒன்றையே எடுத்துக்கொள்வோம். உலகச் சுகாதார தாபனத்தின் கணக்கின்படி, 2023இல் மலேரியாவை எதிர்ப்பதற்கு உலகம் முழுவதும் செலவிடப்பட்டது ஏறத்தாழ நான்கு பில்லியன் டொலர். அதில் அரசாங்கங்களின் பணமும் அடக்கம். கிவ்வெல்லின் வழியாக நுளம்பு வலைகளுக்கும் குழந்தைகளுக்கான தடுப்பு மருந்துக்கும் சென்ற பணம் சில ஆண்டுகளில் நூறு மில்லியனைக் கடந்திருக்கின்றது. நாற்பதில் ஒரு பங்கு அது. பண்ணை விலங்குகளின் நலத்தைப் பேணும் துறையிலோ இவ்வியக்கத்தின் பணமே உலகில் மிகப் பெரிய கொடை. அங்கே அதனை நீக்கிவிட்டால் துறையே தளர்ந்துவிடும்.

ஒரே பணம், பகுதி மாறியதும், ஐந்நூற்றில் ஒன்றாகவும் நாற்பதில் ஒன்றாகவும் தூணாகவும் தோன்றுகின்றது. இவற்றுள் எது மெய் என்று கேட்பது பொருளற்ற கேள்வி. மூன்றும் மெய்யே. எந்தக் கேள்விக்கு விடை தேடுகின்றோமோ அதற்கு உரிய பகுதியைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். தெரிந்தெடுத்ததை மறைக்காது சொல்லுதலும் வேண்டும்.

அந்நாற்பதில் ஒரு பங்கினால் விளைவது யாது? கிவ்வெல் தன் ஆராய்ச்சியின்படி, தான் பரிந்துரைக்கும் சிறந்த தாபனங்கள் ஓர் உயிரைக் காக்க ஏறத்தாழ 3,000 தொடக்கம் 8,000 டொலர் வரை செலவாகும் எனக் கூறுகின்றது. 5,000 டொலர் என நடுத்தரமாக எடுத்துக்கொள்வோம். 250 மில்லியன் டொலர் இத்தகைய பணிகளுக்குச் சென்றால், கணக்கின்படி ஐம்பதினாயிரம் உயிர்கள். அவருட் பெரும்பாலோர் ஆபிரிக்காவிலே ஐந்து வயதும் நிரம்பாத குழந்தைகள். இம்மதிப்பீட்டிற் பிழை இருக்கலாம். பாதியே மெய் என்று கொண்டாலும், ஒரு சிறு நகரத்து மக்களின் தொகை அது. கொடையின் பங்கு சிறிது என்பதனாற் பயனும் சிறிது என்று ஆகிவிடாது.

மலேரியா என்றதும் நம் நாட்டின் பழைய வரலாறு நினைவுக்கு வருகின்றது. 1934ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையிலே பரவிய மலேரியாக் கொள்ளைநோய், 1935 முடியுமுன் ஏறத்தாழ எண்பதினாயிரம் மக்களைக் கொண்டுசென்றது. பின்னர் டீ.டீ.ரீ. மருந்து வந்தது. வீடு வீடாக மருந்து தெளித்து, நோயாளரைத் தேடிக் கண்டு, 1963இல் நாடு முழுவதிலும் பதினேழு பேர்க்கே நோய் கண்டது என்னும் அளவுக்கு அது அடக்கப்பட்டது. வெற்றி கிட்டியது என்று தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன. அந்தப் பத்தாண்டு முடியுமுன் நோயாளர் தொகை மீண்டும் ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. மீண்டும் பல பத்தாண்டுகள் உழைத்து, யுத்தத்தின் நடுவிலும் அவ்வேலையைக் கைவிடாது செய்து, 2016 செப்டெம்பரிலே மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழை உலகச் சுகாதார தாபனத்திடமிருந்து இலங்கை பெற்றது.

இவ்வெற்றியை ஈட்டித் தந்தது யார் பணம்? பெரும்பாலும் அரசாங்கத்தின் பணம். அதாவது மக்கள் செலுத்திய வரி. பிற்காலத்திலே பல நாட்டு அரசுகள் கூடி நிரப்பிய உலக நிதியத்தின் பணமும் அதனுடன் சேர்ந்தது. தனிமனிதரின் அறக்கொடை அதில் மிகச் சிறிய பங்கே. நம் நாட்டின் கதை மட்டுமன்று; மலேரியாவை ஒழித்த நாடுகள் பலவற்றின் கதையும் இதுவே. இங்கேதான், செல்வர் வந்து நிரப்பிவிடுவர் என்று நம்பும் இரண்டாவது சாராருக்குரிய விடை கிடைக்கின்றது.

2023ஆம் ஆண்டிலே அமெரிக்க அரசாங்கம் பிற நாடுகளுக்கு வழங்கிய அபிவிருத்தி உதவி அறுபது பில்லியன் டொலருக்கு மேல். 2025ஆம் ஆண்டிலே அவ்வுதவி பெரிதும் வெட்டப்பட்டது. அதனை வழங்கிவந்த 'யூ.எஸ்.எயிட்' என்னும் திணைக்களம் அவ்வாண்டு யூலை முதலாந் திகதியுடன் மூடப்பட்டது. மருந்தும் வலையும் கிடையாது பல நாடுகளின் சுகாதாரப் பணிகள் இடைநடுவில் நின்றன. கிவ்வெல் முதலிய தாபனங்கள் விரைந்து சில இடங்களைத் தாங்க முன்வந்தன. ஆயினும் நம் கணக்கை மீண்டும் நோக்குங்கள். பயனறி ஈகையாளர் எல்லா நோக்கங்களுக்குமாக ஆண்டு முழுவதும் கொடுப்பது ஒரு பில்லியன். அறுபதில் ஒன்றைக்கொண்டு அறுபதை எவ்வாறு ஈடுசெய்வது? குளம் உடைத்துக்கொண்டபோது, குடத்தில் உள்ள நீரைக்கொண்டு வயலுக்குப் பாய்ச்சிவிடலாம் என நம்பியிருப்பது போன்றதே அது. குடத்து நீரால் ஒரு நாற்றங்காலைக் காப்பாற்றலாம், அது நற்செயல். வயல் முழுவதையும் காப்பாற்றலாம் என்று சொல்லிக் குளக்கட்டைக் கட்டாது விடுவது தீச்செயல்.

இக்கணக்கினாற் பெறப்படும் உண்மை இதுதான். சிறியதைப் பெரியதென நம்பினால், பெரியவர்கள் செய்ய வேண்டிய கடமையை நாம் கேளாது விட்டுவிடுவோம். சிறியதைப் பயனற்றது என இகழ்ந்தால், அது காக்கும் உயிர்களை இழந்துவிடுவோம். இரண்டு பிழைகளுக்கும் விலை செலுத்துவோர் கணக்கு எழுதுவோர் அல்லர். வலை கிடைக்காத வீட்டிலே உறங்கும் குழந்தைகள்.

பிறருடைய கணக்கைப் பார்த்த நாம், ஓராண்டிற்கேனும் ஒருமுறை நம் கணக்கையும் பார்த்துக்கொள்ளலாம். ஒரு சிறு கொப்பியிலே, கோயிலுக்குக் கொடுத்தது, உற்றாருக்குக் கொடுத்தது, அறியாதவர்க்குக் கொடுத்தது என மூன்று வரிசையாக எழுதி வாருங்கள். எந்த வரிசையையும் வெட்டும்படி நாம் சொல்லவில்லை. உறவுக்கும் வழிபாட்டுக்கும் கொடுப்பது மனித இயல்பு. அஃது இல்லாது ஊர் வாழாது. ஆண்டு முடிவில் மூன்றாவது வரிசையின் கூட்டுத்தொகையை மட்டும் ஒருமுறை உற்று நோக்குங்கள். அத்தொகை எங்கே சென்றது, சென்ற இடத்தில் என்ன விளைந்தது என்று கேளுங்கள். விடை தெரியாவிட்டால் விசாரியுங்கள்.

ஐந்நூறு கொத்தில் ஒரு கொத்து என்று நாம் கண்ட அந்தப் பங்கு, இக்கேள்வியைக் கேட்டவர்கள் கொடுத்த பங்கு. எஞ்சிய நானூற்றுத் தொண்ணூற்றொன்பது கொத்தையும் கொடுத்தவர்களும் நல்லவர்களே. அவர்களில் ஒருசிலராவது அதே கேள்வியைக் கேட்கத் தொடங்குவாரானால், மொத்தக் கொடையில் ஒரு சதமும் கூடாமலே உலகத்தில் நன்மை கூடும்.